26 பிள்ளைகளைக் கேட்காமல் முடித்த மீளாய்வு: பாடசாலை றக்பி ஆலோசனைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

போன மாதம் ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் நீங்கள் ஆறு பேர் கூடி இந்தப் பருவத்தின் மீளாய்வை நடத்தி முடித்தீர்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குள் முடிவு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. பயிற்றுநரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அணிக்கு மனோபலம் போதாது. 2, 8, 10 ஆகிய இலக்கங்களில் ஆடிய மூத்த வீரர்கள் நெருக்கடியான நேரத்தில் கைவிட்டார்கள். மொத்தம் எட்டு வரி, ஆங்கிலத்தில். அன்று மாலைக்குள் அந்த எட்டு வரியும் ஊரெல்லாம் சுற்றி, டியூஷன் வகுப்பில் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே வாசிக்கப்பட்டது.

நான் இரண்டாம் இலக்கத்தின் அம்மா. இந்தப் பருவம் முழுவதும் எல்லைக் கோட்டருகே முதலுதவிப் பெட்டியோடு நின்றதும் நான்தான். 11 போட்டிகளுக்கும் போனேன், பெரும்பாலான பயிற்சிகளுக்கும் போனேன். என்ன நடந்தது என்று ஒரு சிஆர் கொப்பியில் எழுதி வந்தேன். மீளாய்வு நடக்கும்போது என்னைக் கூப்பிடுவீர்கள் என்று நினைத்து அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். என்னை விடுங்கள், 26 பிள்ளைகளில் ஒருவரைக்கூட நீங்கள் கூப்பிடவில்லை. தலைவனைக் கூப்பிடவில்லை. பொறுப்பாசிரியர் முடிவு வந்த பிறகுதான் கூட்டம் நடந்ததையே அறிந்தார். மேசையில் இருந்தது புள்ளிப் பட்டியல் ஒன்றுதான் என்று உங்களில் ஒருவரே என்னிடம் சொன்னார்.

இதை மீளாய்வு என்று என்னால் ஏற்க முடியாது. என் கோபத்தின் காரணத்தை முழுமையாகச் சொல்கிறேன், பொறுமையோடு வாசியுங்கள்.

நான் 22 வருடங்களாகப் பிரசவ விடுதிகளில் வேலை செய்யும் தாதி. மீளாய்வு எங்களுக்குப் புதிய சொல் இல்லை. இலங்கையில் பிரசவத்தோடு தொடர்புபட்டு ஒரு தாய் இறந்தால், அந்த மரணம் அறிவிக்கப்பட்டே ஆகவேண்டும், ஆராயப்பட்டே ஆகவேண்டும். வைத்தியர், தாதி, குடும்பநல உத்தியோகத்தர் என்று அந்தத் தாயைப் பார்த்த எல்லோரும் உட்கார்ந்து, எந்த மணிக்கு என்ன நடந்தது, இரத்தம் எப்போது கேட்கப்பட்டது, எப்போது வந்தது என்று வரிசையாகப் பேசுவோம். பெயர் சொல்வதில்லை, பழி போடுவதில்லை. அதுதான் முறை. 1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே நிற்கிறது. மருத்துவிச்சிகள், மருந்து, வீதி, பெண்களின் படிப்பு என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொரு மரணத்தையும் விடாமல் கேள்வி கேட்டதும் அவற்றில் ஒன்று. 'யார் கொன்றது' என்று தொடங்கியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். வாய் திறக்காத கூட்டத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

ஒரு றக்பிப் பருவத்தை மரணத்தோடு ஒப்பிடவில்லை. கேட்கும் முறையைத்தான் ஒப்பிடுகிறேன். நீங்கள் 'யாரால் தோற்றோம்' என்று கேட்டீர்கள். மூன்று இலக்கங்களும் ஒரு பயிற்றுநரும் பதிலாகக் கிடைத்தார்கள். 'என்ன நடந்தது' என்று கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை என் கொப்பியிலிருந்து சொல்கிறேன்.

11 போட்டிகளில் 4 வெற்றி, 7 தோல்வி. அந்த ஏழில் ஐந்து ஆட்டங்களில் இடைவேளையின்போது நாம் முன்னிலையில் இருந்தோம், அல்லது சமமாக இருந்தோம். அந்த ஐந்து ஆட்டங்களின் இரண்டாம் பாதிகளில் எதிரணிகள் நமக்கு எதிராக வைத்த ட்ரைகள் (பந்தை நம் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) 11. அவற்றில் ஒன்பது 55ஆவது நிமிடத்துக்குப் பிறகு வந்தவை. 19 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் ஆட்டம் 70 நிமிடம். அப்படியானால் கடைசி 15 நிமிடத்தில்தான் நாம் தோற்றிருக்கிறோம். இதைப் பார்த்து மனோபலம் இல்லை என்று சொல்லிவிடலாம். நான் தாதி. 55 நிமிடம் நன்றாக ஓடிய பொடியன் 56ஆவது நிமிடத்தில் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றால், முதலில் அவன் என்ன சாப்பிட்டான், எப்போது படுத்தான் என்றுதான் கேட்பேன்.

கேட்டேன். மாத்தளை, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கமிருந்து வரும் எட்டுப் பிள்ளைகள் நம் அணியில் இருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து பஸ் ஏறுகிறார்கள். பாடசாலை முடிந்து மூன்றரைக்குப் பயிற்சி தொடங்கும்போது வயிற்றில் இருப்பது ஒரு பனிஸும் பிளேன்டீயும். ஆறரைக்குப் பயிற்சி முடிந்து, பஸ் பிடித்து, வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடும்போது மணி ஒன்பதைத் தாண்டும். அதற்குப் பிறகு உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கவேண்டும். கிழமையில் நான்கு நாள் இப்படி. ஆறாவது போட்டிக்குப் பிறகு சில பெற்றோர் சேர்ந்து பயிற்சிக்கு முன் அவித்த முட்டையும் வாழைப்பழமும் கொடுக்கத் தொடங்கினோம். நாங்கள் வென்ற நான்கு ஆட்டங்களில் மூன்று அதற்குப் பின்னர்தான் வந்தன. முட்டைதான் வென்றது என்று சொல்ல மாட்டேன், அதற்குள் எதிரணிகளும் மாறின, நம் ஆட்டமும் மாறியது. ஆனால் அந்தக் கேள்வி உங்கள் மேசைக்கு வந்தேயிருக்க வேண்டும்.

அடுத்தது பயிற்றுநர். அவரை எப்போது நியமித்தீர்கள்? முதல் போட்டிக்கு ஐந்து கிழமைக்கு முன். அதற்கு முந்தைய மூன்று மாதமும் உங்களுக்குள் இருந்த இழுபறியில் பிள்ளைகள் தாங்களாகவே மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். உடலைக் கட்டும் காலம் அதுதான். பருவம் தொடங்கிய பிறகு போட்டிக்கும் போட்டிக்கும் நடுவில் உடம்பைக் கட்ட முடியாது, காயத்தை ஆற்றுவதற்கே நாள் காணாது. கடைசி 15 நிமிடத் தோல்விகளின் வேர் அந்த மூன்று மாதத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். என் நினைப்புப் பிழையாக இருக்கலாம். ஆனால் பயிற்றுநரைப் பற்றிய முடிவை எடுத்தவர்களே அவரைத் தாமதமாக நியமித்தவர்களும் என்றால், அந்தத் தாமதத்தை அந்த மேசையில் யார் எடுத்துப் பேசியிருப்பார்கள்?

இரு அணியும் தோளால் முட்டித் தள்ளும் ஸ்க்ரமைப் பழகுகிற மெஷினின் மெத்தை கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. பயிற்றுநர் கடிதம் கொடுத்தார், நகலை நான் பார்த்திருக்கிறேன். பதில் வரவில்லை. பிள்ளைகள் அரிசிச் சாக்கை மடித்துக் கயிற்றால் கட்டி அதில் தோளை வைத்துத் தள்ளினார்கள். மழை பெய்தால் சாக்கு ஊறி நாறும். சாக்கின் நார் கழுத்தில் உரசிச் சிவந்த கோடுகளுக்கு நான் மருந்து பூசியிருக்கிறேன். அதே கடிதத்தில் ஸ்க்ரமின் முன்வரிசைக்கு மேலதிகமாக இரண்டு பேரைப் பழக்க ஒரு துணைப் பயிற்றுநரும் கேட்டிருந்தார். அதற்கும் பதில் இல்லை. ஏழாவது போட்டியில் முன்வரிசையில் நிற்கும் நம் ப்ரொப் ஒருவனுக்குத் தோள் விலகியது. உள்ளே போன மாற்று வீரனுக்குக் கணுக்கால் பிறழ்ந்தது. மூன்றாவதாக முன்வரிசைக்குப் பழகிய ஆள் இல்லை. பழகாதவனை அங்கே நிறுத்த விதி விடாது, விடவும் கூடாது, கழுத்து முறியும் இடம் அது. ஆகவே மீதி ஆட்டம் தள்ளாத ஸ்க்ரமாகப் போனது. நம் பலமே ஸ்க்ரம். அந்த ஆட்டத்தை நான்கு புள்ளியால் தோற்றோம். புள்ளிப் பட்டியலில் இவற்றில் எது தெரிகிறது?

இப்போது எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

என் கொப்பியில் தலையடி என்று ஆறு பதிவுகள் இருக்கின்றன. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்த சந்தேகம் இருந்தாலே ஆளை வெளியே எடு, அன்று திரும்ப விடாதே என்பது உலக றக்பி அமைப்பின் விதி. இப்படிப் பாடசாலை, கழக மட்டத்தில் ஆடுகிறவர்கள் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்பதும், அதற்குள் படிப்படியாகத்தான் ஏறிவர வேண்டும் என்பதும் அதன் வழிகாட்டல். நம் ஆறு பேரில் இருவர் அதற்கு முன்பே திரும்பினார்கள். ஒருவன் என் மகன்.

நான்காவது போட்டி கொழும்பில். இரண்டாம் பாதியில் ஆளை மடக்கி விழுத்தும் டெக்கிள் ஒன்றில் எதிராளியின் முழங்கால் அவன் காதுக்கு மேலே பட்டது. விழுந்தான், எழுந்தான், கையைக் காட்டினான். நான் உள்ளே ஓடிப் பார்த்தேன். கண் நேராக இருந்தது, பெயரையும் இடத்தையும் சரியாகச் சொன்னான். எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று சத்தம் போட்டார்கள். விட்டேன். திரும்பி வரும் வழியில் மாவனெல்லையில் "அம்மா, மெட்ச் வின் பண்ணினோமா?" என்று கேட்டான். தோற்றோம் என்றேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் அதையே கேட்டான். பேராதனைப் பாலம் தாண்டும்போது மூன்றாவது தடவையும் அதே கேள்வி, அதே குரலில், முன்னர் கேட்டதே ஞாபகம் இல்லாமல். வேனில் இருந்த மற்றப் பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

வைத்தியர் பார்த்தார், ஸ்கேன் எடுத்தோம், தெய்வாதீனமாக ஒன்றும் இல்லை. ஓய்வு சொன்னார்கள். ஒன்பதாம் நாள் உங்கள் குழுவிலிருந்து ஒருவர் எனக்கு அழைப்பு எடுத்தார். சனிக்கிழமை முக்கியமான ஆட்டம், முன்வரிசையின் நடுவில் நிற்க வேறு ஹூக்கர் இல்லை, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டார். வற்புறுத்தவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். தலைவலி இல்லை என்று மகன் சொன்னான். நான் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். 12ஆம் நாள் அவன் ஸ்க்ரமின் நடுவில் நின்றான்.

எனக்குத் தெரிந்திருந்தது. இந்த வேலையில் 22 வருடம் இருந்தும், இன்னொருத்தியின் பிள்ளை என்றால் விட்டிருக்க மாட்டேன் என்று தெரிந்தும், கையெழுத்துப் போட்டேன். அவன் ஆசையாகக் கேட்டான், அணிக்கு ஆள் இல்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறையாக ஒரு மீளாய்வு நடந்திருந்தால் நான் அங்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டிய முதல் வசனம் இதுதான்: பிழை என் பக்கமும் இருக்கிறது, இனி எந்தத் தாயிடமும் இந்தப் பத்திரத்தை நீட்டாதீர்கள். அதைச் சொல்ல ஒரு கதிரை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த 12ஆம் நாள் ஆட்டத்தில் பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும் லைன்-அவுட்டில் அவன் ஐந்து முறை கோணலாக எறிந்தான். நெருக்கடியில் கைவிட்டவர்கள் பட்டியலில் 2ஆம் இலக்கம் வந்தது அந்த ஐந்து எறிதல்களால்தான் என்று அறிந்தேன்.

10ஆம் இலக்கப் பிள்ளையைப் பற்றி ஒன்று. கடைசி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், அவன் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவனுக்கு வயது 17. உங்கள் செய்தி வந்து மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்தான். ஒரு ஷொப்பிங் பையில் பூட்ஸ். கழுவி, காயவைத்து, நாடாவைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்திருந்தான். "அன்ரி, சின்னப் பிள்ளைகள் யாருக்காவது அளவாக இருந்தால் குடுங்கோ" என்றான். அந்தப் பை இன்னும் என் வீட்டு வாசல் மூலையில்தான் இருக்கிறது. யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

உலகில் பெரிய அணிகள் எல்லாம் தோற்றிருக்கின்றன. 2007 உலகக் கிண்ணக் காலிறுதியில், கார்டிஃப் நகரில், நியூசிலாந்து பிரான்ஸிடம் 18க்கு 20 என்று தோற்று வெளியேறியது. அந்த நாட்டில் அது ஒரு துக்க வீடு. அங்குள்ள றக்பி சங்கம் மீளாய்வை வெளியாட்களிடம் கொடுத்தது. ஒருவர் சட்டத்தரணி, மற்றவர் சொஃப்ட்போல் தேசிய அணியின் பயிற்றுநராக இருந்தவர். அறிக்கை அடுத்த வருடம் பொதுமக்களுக்கே வெளியிடப்பட்டது. பயிற்றுநர் கிரஹாம் ஹென்றி அதற்கு முன்பே மற்றவர்களைப் போல மீண்டும் விண்ணப்பித்து, மீண்டும் தெரிவானார். 2011இல் அதே பிரான்ஸை இறுதியாட்டத்தில் 8க்கு 7 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். நம் பயிற்றுநரை வைத்துத்தான் ஆகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்த பிறகும் அவர் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை. பார்த்த பிறகு எடுங்கள்.

அதே 2011இல் இங்கிலாந்து அணிக்கு வேறொன்று நடந்தது. உலகக் கிண்ணத்தில் தோற்று வந்த வீரர்கள் இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கையில் மீளாய்வுக்குச் சொன்னவை பத்திரிகைக்குக் கசிந்தன. பெயர் இல்லாவிட்டாலும் சொன்ன சொற்கள் அப்படியே அச்சில் வந்தன. வளர்ந்த ஆண்களுக்கே அது தாங்க முடியாத அவமானம். நம்முடையவர்கள் பிள்ளைகள். வாட்ஸ்அப்பில் எட்டு வரி ஓடிய வேகத்தைப் பார்த்த பிறகு, அவர்கள் உங்களிடம் மனம் திறப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் பேச அவர்களுக்கு நிறைய இருக்கிறது. செய்தி வந்த கிழமை, ஒரு துண்டுக் கடதாசியில் பெயர் போடாமல், எந்த மொழியிலும் எழுதலாம் என்று சொல்லி ஒரு பழைய பிஸ்கட் டின்னைச் சுற்றிலும் அனுப்பினேன். 26 பேரில் 23 பேர் எழுதினார்கள். சிங்களத்தில், தமிழில், சிலர் ஆங்கிலத்தில். அவர்களிடம் கேட்டு, மூன்றை மட்டும் இங்கே சொல்ல அனுமதி வாங்கினேன். "லைன்-அவுட் அழைப்புச் சொற்களை ஒரே பருவத்தில் மூன்று தடவை மாற்றினோம், எனக்குக் கடைசிவரை பாடம் வரவில்லை, கேட்க வெட்கம்." "கோச் ஏசுவார், ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு பேசியது அவர் மட்டும்தான்." "தோற்ற பிறகு டிரெஸ்ஸிங் ரூமுக்குள் பெரியவர்கள் யாரும் வருவதில்லை, வென்றால் இடம் போதாது." மற்ற இருபதும் டின்னுக்குள் இருக்கின்றன. பயிற்றுநரைக் குறை சொல்பவையும் அவற்றில் உண்டு, அதையும் மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் உங்கள் கையில் நேராகத் தரமாட்டேன்.

இந்த ஊரில் றக்பி ஆடுகிற எல்லோருக்கும் பிராட்பி கேடயப் போட்டி தெரியும். 1945 முதல் கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் ஆடுவது இரண்டு கட்டமாக. ஒன்று இங்கே, ஒன்று கொழும்பில், இரண்டு ஆட்டத்தின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம். முதல் கட்டத்தில் தோற்றவன் இரண்டாவதுக்குள் தன் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு வரவேண்டும். அந்த நாட்களில் எந்த அணியாவது வீரர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசியிருக்குமா? அடுத்த பருவம்தான் நமக்கு இரண்டாம் கட்டம். அதற்கு ஆடப்போகும் பிள்ளைகளில் 15 பேர் இந்தப் பருவத்தில் ஆடியவர்கள்.

ஆகவே கேட்கிறேன்.

அந்த எட்டு வரிச் செய்தியை எழுத்தில் மீளப்பெறுங்கள். எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே, சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும். மூன்று பிள்ளைகளின் வீட்டுக்கும் உங்களில் ஒருவர் நேரே போக வேண்டும். முதலில் 10ஆம் இலக்கத்தின் வீட்டுக்கு.

மீளாய்வைப் புதிதாக நடத்துங்கள். நடத்துபவர் குழுவிலும் இருக்கக்கூடாது, பயிற்றுநரின் ஆளாகவும் இருக்கக்கூடாது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரோ, வேறு விளையாட்டைப் பழக்கிய ஒருவரோ போதும். பிள்ளைகளைத் தனித்தனியாக, அவரவர் மொழியில், பெயர் பதியாமல் கேட்க வேண்டும். பொறுப்பாசிரியர், பயிற்றுநர், பெற்றோர், பஸ் நேரத்தைத் தெரிந்த வேன் சாரதி வரைக்கும் கேட்க வேண்டும். உங்களையும் கேட்க வேண்டும்: நியமனம் ஏன் தாமதித்தது, அந்தக் கடிதத்துக்கு ஏன் பதில் இல்லை என்று. அதுவரை பயிற்றுநர் பற்றிய முடிவை நிறுத்தி வையுங்கள்.

தலையடிக்கு ஒரு தனிப் பதிவேடு திறவுங்கள். 21 நாளுக்கு முன் யாரையும் களத்தில் இறக்க முடியாது என்று எழுதி, அதிபரின் கையெழுத்தோடு ஒட்டுங்கள். பெற்றோர் சம்மதம் தந்தாலும் முடியாது என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். என்னைப் போன்றவர்களிடமிருந்தும் பிள்ளைகளைக் காப்பாற்றும் வரி அது.

ஸ்க்ரம் மெஷினுக்கு மெத்தை, முன்வரிசைக்கு ஐந்து பேராவது பழகும் ஏற்பாடு, பயிற்சிக்கு முன் ஏதாவது சாப்பாடு. இவை மூன்றுக்கும் மீளாய்வு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

முடிவுகளை இரண்டு பக்கத்தில் எழுதி, பெயரோ இலக்கமோ இல்லாமல், முதல் பயிற்சிக்கு முன் அறிவித்தல் பலகையில் போடுங்கள். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்கிறது, மீளாய்வுக் கூட்டத்தை ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் வையுங்கள், தூரத்துப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் பஸ் இருக்கிறது. நாள் சொன்னால் நான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வருவேன். சிஆர் கொப்பியையும் பிஸ்கட் டின்னையும் அந்த வெளியாளின் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
2ஆம் இலக்கத்தின் அம்மா
கண்டி